பென்ஷன்தான் வந்துகொண்டிருக்கிறதே, இனி சங்கம் எதற்கு?

கேள்வி: முப்பது வருடத்துக்கு மேல் அரசுப் பள்ளியில் பட்டதாரி ஆசிரியையாக இருந்து இந்த மே மாதம் ஓய்வு பெற்றேன். பழைய ஓய்வூதியத் திட்டத்தில் வருகிறேன். பணியில் இருந்தவரை சங்கச் சந்தா கட்டினேன், ஆர்ப்பாட்டங்களுக்கும் போயிருக்கிறேன். இப்போது ஓய்வூதியர் சங்கத்தில் சேரச் சொல்லிக் கேட்டு வருகிறார்கள். "மாதம் பிறந்தால் வங்கியில் பணம் விழுகிறது, சட்டப் பாதுகாப்பும் இருக்கிறது, வெயிலில் போய் நிற்க வேண்டுமா அம்மா?" என்கிறான் என் மகன். அவன் சொல்வதில் தப்பு இருக்கிறதா?

பதில்: சேருங்கள் டீச்சர். உங்கள் மகன் சொல்வதில் பாதி சரி. அந்தப் பாதியிலிருந்தே தொடங்குகிறேன்.

ஓய்வூதியம் அரசு போடும் பிச்சையல்ல, உரிமை என்பது நீதிமன்றத்தில் முடிந்துபோன விஷயம். 1971ல் தேவகிநந்தன் பிரசாத் வழக்கில் உச்ச நீதிமன்றம் அதைச் சொன்னது. அவர் பீகார் கல்வித் துறையில் பணியாற்றியவர், நம் துறைக்காரர். 1982 டிசம்பர் 17ல் டி.எஸ்.நகரா வழக்கில் அதே கருத்து இன்னும் விரிவாக வந்தது. 2013ல் ஜார்க்கண்ட் அரசு தொடர்பான ஒரு வழக்கில், ஓய்வூதியம் அரசமைப்பின் 300ஏ பிரிவு பாதுகாக்கும் சொத்து, சட்டத்தின் அதிகாரம் இல்லாமல் அதைப் பிடித்து வைக்க முடியாது என்றும் தீர்ப்பாகிவிட்டது. ஆக, நாளைக்கே யாரும் உங்கள் ஓய்வூதியத்தை நிறுத்திவிட முடியாது. மகனிடம் தைரியமாகச் சொல்லலாம்.

இனி மற்ற பாதி. நகரா தீர்ப்பு எப்படி வந்தது என்று பாருங்கள். 1979 மே மாதம் மத்திய அரசு ஓய்வூதியம் கணக்கிடும் முறையைத் தாராளமாக்கியது. ஆனால் 1979 மார்ச் 31 அன்றோ அதற்குப் பிறகோ ஓய்வு பெற்றவர்களுக்கு மட்டும்தான் என்று கோடு போட்டுவிட்டது. அதே நாற்காலியில் அதே வேலையைப் பார்த்துவிட்டு ஒரு நாள் முன்னால் ஓய்வு பெற்றவருக்குக் குறைந்த தொகை, ஒரு நாள் பின்னால் போனவருக்குக் கூடுதல் தொகை. 1972ல் ஓய்வு பெற்ற நகராவும் இன்னொரு ஓய்வூதியரும் வழக்குப் போட்டார்கள். மூன்றாவது மனுதாரர் ஒரு தனிமனிதர் அல்ல, 'காமன் காஸ்' என்ற பதிவு பெற்ற அமைப்பு. வயதானவர்கள் நாடெங்கும் சிதறிக் கிடக்கிறார்கள், ஒவ்வொருவரும் தனியாக வழக்கு நடத்த முடியாது, அதனால் அவர்களுக்காக நாங்கள் வருகிறோம் என்று வந்த அமைப்பு. நீதிமன்றம் அதை ஏற்றுக்கொண்டது. டிசம்பர் 17ஐ ஓய்வூதியர் தினமாகக் கொண்டாடுகிறோமே, அந்தத் தீர்ப்புக்குள்ளேயே ஒரு அமைப்பு உட்கார்ந்திருக்கிறது. சட்டம் காப்பாற்றுகிறது என்று சொல்கிறவர்கள் இதைக் கவனிப்பதில்லை.

தீர்ப்பு வந்தால் அதோடு முடிந்ததா என்றால் அதுவும் இல்லை. 1990ல் ரயில்வே ஊழியர்கள் தொடர்பான கிருஷ்ண குமார் வழக்கில், வருங்கால வைப்பு நிதியைத் தேர்ந்தெடுத்தவர்களும் ஓய்வூதியத்தைத் தேர்ந்தெடுத்தவர்களும் ஒரே வகுப்பு அல்ல என்று சொல்லி நகராவின் எல்லையை உச்ச நீதிமன்றமே சுருக்கியது. 2025 மார்ச்சில் நாடாளுமன்றம் நிறைவேற்றிய நிதிச் சட்டத்தில் ஒரு பகுதி, ஓய்வு பெற்ற தேதியை வைத்து ஓய்வூதியர்களுக்குள் வேறுபாடு காட்டும் அதிகாரம் மத்திய அரசுக்கு உண்டு என்கிறது. அதுவும் 1972 ஜூன் 1லிருந்தே இருந்ததாக. இப்போதிருக்கும் ஓய்வூதியம் எதையும் இது மாற்றாது, ஏற்கெனவே உள்ள கொள்கையை உறுதிப்படுத்துவதுதான் என்று நிதியமைச்சர் மாநிலங்களவையில் விளக்கம் சொன்னார். இருக்கலாம். ஆனால் தேதியை வைத்துப் பிரிக்கக் கூடாது என்று 1982ல் வாங்கியதை, தேதியை வைத்துப் பிரிக்கலாம் என்று 43 வருடம் கழித்து எழுதி வைத்துக்கொள்கிறார்கள் என்றால் அது பொழுதுபோக்குக்காக இருக்காது. மத்திய அரசின் எட்டாவது ஊதியக் குழுவின் ஆய்வு வரம்பில், ஊழியர் பங்களிப்பு இல்லாத ஓய்வூதியத் திட்டங்களின், அதாவது நம்முடையது போன்ற பழைய திட்டங்களின், நிதியளிக்கப்படாத செலவையும் கணக்கில் எடுத்துக்கொள்ள வேண்டும் என்று சேர்த்திருக்கிறார்கள். நாடெங்கும் ஓய்வூதியர் அமைப்புகள் இந்த இரண்டையும் எதிர்த்துக் குரல் கொடுத்தன.

இது மத்திய அரசு ஓய்வூதியர்களுக்கான சட்டம், நமக்கென்ன என்று கேட்கலாம். தமிழ்நாட்டு வழக்கம் உங்களுக்குத் தெரியும். மத்தியில் ஊதியக் குழு அறிக்கை வந்ததும் இங்கே ஒரு அலுவலர் குழு போடுவார்கள், அங்கே வந்ததைக் கொஞ்சம் வெட்டி இங்கே தைப்பார்கள். 2009லும் அப்படித்தான், 2017லும் அப்படித்தான். அங்கே நுழைந்தது இங்கே வர நாளாகாது.

நீதிமன்றம் காப்பாற்றுவது ஓய்வூதியம் என்ற உரிமையை. அந்த உரிமையின் அளவை யாரும் உட்கார்ந்து காவல் காப்பதில்லை. இதில்தான் ஓட்டை.

ஏழாவது ஊதியக் குழுவை எடுத்துக்கொள்ளுங்கள். தமிழ்நாட்டில் புதிய ஓய்வூதியம் 1-1-2016 முதல் கணக்கு, ஆனால் பணப் பயன் 1-10-2017 முதல்தான். நடுவில் இருந்த 21 மாதம் காகிதத்தில் மட்டும் இருந்தது. அந்த நிலுவைக்காக எத்தனை தீர்மானம், எத்தனை முழக்கம். அகவிலைப்படியைப் பாருங்கள். கொரோனா காலத்தில் 2020 ஏப்ரலில் மத்திய அரசு முடக்கியதும் தமிழக அரசும் முடக்கியது. மத்திய அரசு 2021 ஜூலையில் திறந்துவிட்டது. இங்கே 17 சதவீதம் 31 ஆனது 2022 ஜனவரியில். இடைப்பட்ட ஆறு மாத வித்தியாசத்தை எந்த நீதிமன்றமும் தானாக வாங்கித் தரவில்லை. கம்யூட்டேஷன் தொகைக்காக, அதாவது ஓய்வூதியத்தில் ஒரு பகுதியை முன்கூட்டியே மொத்தமாக வாங்கிக்கொண்டதற்காகப் பிடிப்பதை 15 ஆண்டு கழித்துத்தான் நிறுத்துகிறார்கள். பக்கத்துக் கேரளத்தில் 12 ஆண்டு. 80 வயதில் 20 சதவீதம் கூடுதல் ஓய்வூதியம் கிடைக்கிறது, 70 வயதிலேயே 10 சதவீதம் கொடுங்கள் என்று கேட்டு வருகிறோம். 80 வரை இருப்போமா என்பது வேறு கேள்வி.

மருத்துவக் காப்பீட்டையும் சொல்ல வேண்டும், ஏனென்றால் வயதாக ஆக ஓய்வூதியர் கூட்டங்களில் முக்கால்வாசிப் பேச்சு அதுதான். 2018 ஜூலையில் தொடங்கிய திட்டத்தில் மாதம் ரூ.350 பிடித்தார்கள், 2022 ஜூலையில் தொடங்கியதில் ரூ.497. பிடிப்பது நம் ஓய்வூதியத்தில், ஒப்பந்தம் போடுவது அரசும் காப்பீட்டு நிறுவனமும். கட்டணமில்லாச் சிகிச்சை என்று காகிதத்தில் இருக்கும். மருத்துவமனை கவுன்டரில் போய் நின்றால் "இந்தச் சிகிச்சைக்கு இவ்வளவுதான் அனுமதி, மீதியைக் கட்டுங்கள்" என்பார்கள். நெஞ்சு வலிக்கிறது என்று பக்கத்திலிருந்த மருத்துவமனைக்குத் தூக்கிக்கொண்டு ஓடியிருப்பார்கள், அது பட்டியலில் இல்லை என்று கோரிக்கை திரும்பி வரும். பட்டியலில் இல்லாத மருத்துவமனை என்ற ஒரே காரணத்துக்காக மறுக்கக் கூடாது என்று 2018ல் சிவகாந்த் ஜா வழக்கில் உச்ச நீதிமன்றம் சொல்லியிருக்கிறது. அது மத்திய அரசின் மருத்துவத் திட்டம் பற்றிய வழக்கு என்றாலும், மாவட்ட ஆட்சியர் தலைமையில் உள்ள குழுவுக்கு மேல்முறையீடு எழுதும்போது அதை மேற்கோள் காட்டலாம். ஆனால் 74 வயதில் பைபாஸ் முடிந்து வீட்டில் படுத்திருப்பவர் இதையெல்லாம் தேடிப் பிடித்து எழுதுவாரா? அவருக்காக எழுதித் தர ஒரு ஆள் வேண்டும். அந்த ஆளைத்தான் சங்கம் என்கிறோம். கொடி, பேனர் எல்லாம் அதற்குப் பிறகு.

உங்களுக்கு இதைவிட உடனடியான ஒன்று இருக்கிறது. தணிக்கைத் தடை. ஓய்வு பெறும் தறுவாயில் பணிப்பதிவேட்டைப் புரட்டி, 18 வருடத்துக்கு முன்னால் கொடுத்த ஊக்க ஊதிய உயர்வு தவறு, தேர்வுநிலை நிர்ணயம் தவறு என்று எழுதி, இவ்வளவு லட்சம் திருப்பிக் கட்டு என்று ஒரு தாள் வரும். ஆசிரியர்களுக்கு இது எவ்வளவு சகஜம் என்று உங்களுக்கே தெரியும். ஊதியத்தை நிர்ணயித்தது அலுவலகம், கையெழுத்துப் போட்டது அதிகாரி, கட்ட வேண்டியது மட்டும் டீச்சர்.

இதற்கு 2014 டிசம்பர் 18ல் ரஃபீக் மாஸி வழக்கில் உச்ச நீதிமன்றம் வழி சொன்னது. தொகுதி சி, டி ஊழியர்களிடமும், ஓய்வு பெற்றவர்களிடமும், ஓய்வுக்கு ஒரு வருடத்துக்குள் இருப்பவர்களிடமும், ஐந்து வருடத்துக்கு மேல் தவறுதலாகக் கொடுத்து வந்த தொகையையும் பிடித்தம் செய்யக் கூடாது என்று. ஆனால் 2016ல் ஜகதேவ் சிங் வழக்கில் ஒரு கொக்கி வந்தது. கூடுதலாகக் கொடுத்திருந்தால் திருப்பித் தருகிறேன் என்று உறுதிமொழி எழுதிக் கொடுத்திருந்தால் பிடிக்கலாம். ஊதிய நிர்ணயத்தின்போது நீட்டுகிற தாள்களில் எல்லாம் நாம் கையெழுத்துப் போட்டுத்தானே வந்திருக்கிறோம்? எதில் போட்டோம் என்று யாருக்கு நினைவிருக்கிறது? பணிப்பதிவேட்டின் நகல் ஒன்று வீட்டில் இருக்கட்டும் என்று நான் எல்லோரிடமும் நச்சரிப்பது இதனால்தான்.

தாமஸ் டேனியல் என்ற கேரள ஆசிரியரின் வழக்கு 2022 மே 2ல் தீர்ப்பானது. தலைமையாசிரியராக 1999ல் ஓய்வு பெற்றவர். கூடுதலாக ஊதிய உயர்வு கொடுத்துவிட்டோம் என்று அவரிடம் பணம் கேட்டார்கள். அவர் ஏமாற்றியோ பொய் சொல்லியோ வாங்கவில்லை, அரசுதான் விதியைத் தவறாகப் புரிந்துகொண்டு கொடுத்தது, அதனால் பிடிக்கக் கூடாது என்று உச்ச நீதிமன்றம் சொல்லிவிட்டது. ஜெயித்தார். ஓய்வு 1999ல், தீர்ப்பு 2022ல். சட்டம் பாதுகாக்கிறது என்பதற்கு என்ன பொருள் என்று மகனுக்கு விளக்க இந்த இரண்டு தேதிகளைச் சொன்னால் போதும்.

இவ்வளவும் சொந்த நலக் கணக்கு. நான் முக்கியமாகச் சொல்ல வந்தது வேறு.

தமிழ்நாட்டில் 1-4-2003 அன்றோ அதற்குப் பிறகோ பணியில் சேர்ந்தவர்களைப் பங்களிப்பு ஓய்வூதியத் திட்டத்தில் வைத்தார்கள். அடிப்படை ஊதியத்திலும் அகவிலைப்படியிலும் 10 சதவீதம் அவர்களிடம் பிடித்தம், அதே அளவு அரசு தன் பங்கு. ஆக, பழைய திட்டத்தில் நாம்தான் கடைசி வரிசை. நமக்குப் பின்னால் ஆள் வருவதில்லை. 2003க்கு முன் சேர்ந்தவர்களில் மிக இளையவரும் இன்னும் இருபது வருடத்துக்குள் ஓய்வு பெற்றுவிடுவார். அதற்குப் பிறகு இந்தக் கூட்டத்தில் புதிதாக ஒருவரும் சேரப்போவதில்லை, குறைந்துகொண்டேதான் போகும். எண்ணிக்கை குறையக் குறைய, வேலைநிறுத்தம் செய்ய முடியாத, வகுப்பறையைக் காலி செய்து காட்ட முடியாத ஒரு கூட்டத்தின் பேச்சை எந்த நிதித் துறை காது கொடுத்துக் கேட்கும்? நம் கையில் வாக்குச்சீட்டு இருக்கிறது, அனுபவம் இருக்கிறது. நெருக்கடி கொடுக்கும் பலம் பணியில் இருப்பவர்களிடம்தான் இருக்கிறது.

ஆகவே ஓய்வூதியர்கள் தங்களுக்கென்று ஒரு சங்கம் வைத்துக்கொண்டு பணியாளர் சங்கத்தோடு ஒட்டாமல் இருப்பது எனக்குச் சரியாகப் படவில்லை. "நமக்குக் கிடைத்துவிட்டது, சின்னப் பிள்ளைகள் அவர்கள் பாட்டைப் பார்த்துக்கொள்ளட்டும்" என்று ஓய்வூதியர் கூட்டத்திலேயே சிலர் பேசக் கேட்டிருக்கிறேன். அந்தச் சின்னப் பிள்ளைகளுக்கு ஐம்பது வயது நெருங்கிவிட்டது. 2019 ஜனவரி 22 முதல் 30 வரை ஆசிரியர், அரசு ஊழியர் சங்கங்களின் கூட்டமைப்பான ஜாக்டோ-ஜியோ நடத்திய வேலைநிறுத்தத்தில் பங்களிப்புத் திட்டத்தை ரத்து செய்யக் கேட்டு உள்ளே போனவர்களில் பழைய திட்டக்காரர்கள் ஏராளம். தங்களுக்கு அதில் ஒரு காசு லாபம் இல்லை என்று தெரிந்தே போனார்கள். அந்தக் கணக்கு சரியான கணக்கு. எல்லோருக்கும் உறுதியான ஓய்வூதியம் என்று இருந்தால்தான் நம்முடையது சலுகை பெற்ற சிலரின் சுமையாகத் தெரியாது. அவர்களுக்கு எந்தப் பெயரில் எந்தத் திட்டம் வந்தாலும் நமக்கும் அதில் சம்பந்தம் உண்டு.

இளையவர்களுக்கு நாம் கொடுக்கக்கூடியது நினைவு. அரசு உதவி பெறும் பள்ளி ஆசிரியர்களுக்கு ஓய்வூதியம் என்பதே ஒரு காலத்தில் கிடையாது. சேமநிதி, காப்பீடு, ஓய்வூதியம் மூன்றையும் சேர்த்த திட்டம் 1955ல்தான் சென்னை மாநிலத்தில் வந்தது. அதற்கு முன் முப்பது வருடம் பாடம் நடத்திவிட்டு வெறுங்கையோடு வீட்டுக்குப் போனார்கள். 2003ஐ நேரில் பார்த்தவர்கள் நாம். ஓய்வூதியப் பலன்களை வெட்டியதும் அந்த ஜூலை வேலைநிறுத்தத்துக்கு ஒரு காரணம். வேலைநிறுத்தத்தைத் தடுக்கும் எஸ்மா, டெஸ்மா சட்டங்கள், நள்ளிரவுக் கைது, ஒரே உத்தரவில் சுமார் 1,70,000 பேர் பணிநீக்கம். ஆகஸ்ட் 6ல் ரங்கராஜன் வழக்கில் அரசு ஊழியருக்கு வேலைநிறுத்த உரிமை கிடையாது, தார்மீக உரிமைகூட இல்லை என்று உச்ச நீதிமன்றம் சொன்னது. மன்னிப்புக் கடிதம் எழுதிக் கொடுத்து வேலைக்குத் திரும்பியவர்கள் நம் பக்கத்து மேசைகளில் உட்கார்ந்திருந்தார்கள். இன்று 35 வயதில் இருக்கும் ஆசிரியர் அப்போது பள்ளி மாணவர். நாம் சொல்லாவிட்டால் அவருக்கு யார் சொல்வது?

ஆர்ப்பாட்டத்துக்குப் போனால் ஓய்வூதியம் நின்றுவிடுமோ என்று பலர் கேட்கிறார்கள், உங்கள் மகன் மனதிலும் அது இருக்கலாம். 1978ஆம் ஆண்டின் தமிழ்நாடு ஓய்வூதிய விதிகளில், எதிர்கால நன்னடத்தைக்கு உட்பட்டது என்று ஒரு விதி இருப்பது உண்மை. கடுமையான குற்றத்துக்குத் தண்டனை பெற்றாலோ கடுமையான ஒழுங்கீனம் நிரூபணமானாலோ உள்ள விதி அது. அனுமதி வாங்கிய இடத்தில் நின்று அகவிலைப்படி கேட்பதற்கும் அதற்கும் சம்பந்தமில்லை. சொல்லப்போனால் இப்போதுதான் நமக்கு வாய் திறந்திருக்கிறது. பணியில் இருந்தபோது நடத்தை விதிகள் கழுத்தில் இருந்தன, பத்திரிகைக்கு ஒரு வார்த்தை சொல்ல முடியாது. இன்று நீங்கள் பேட்டி கொடுக்கலாம், சட்டமன்ற உறுப்பினரைப் போய்ப் பார்க்கலாம், அரசாணையை விமர்சித்து எழுதலாம். பணியில் இருக்கும் ஆசிரியை பேசினால் ஒழுங்கு நடவடிக்கைக்கான 17(பி) குறிப்பாணை வரும், உங்களுக்கு வராது. அவர் சார்பில் பேசவாவது நீங்கள் வேண்டும்.

சங்கங்களில் குறையே இல்லை என்று நான் சொல்லமாட்டேன். ஒரே கோரிக்கைப் பட்டியலை வைத்துக்கொண்டு நான்கைந்து சங்கங்கள், தலைவர்களுக்குள் முகம் கொடுத்துப் பேசுவதில்லை. சால்வை போர்த்துவதிலேயே பாதி மாநாடு முடிந்துவிடும். மேடையில் பெண்கள் எத்தனை பேர் என்று எண்ணிப் பாருங்கள். தொடக்கப் பள்ளி ஆசிரியர்களில் பெரும்பாலோர் பெண்களாக இருக்கும் மாநிலத்தில் இது அசிங்கம். இன்னொன்று, ஓய்வு பெற்றும் பணியாளர் சங்கத்தின் நாற்காலியை விடாத பெரியவர்கள். நான் ஓய்வு பெற்றவர்கள் சங்கத்தில் இருக்க வேண்டும் என்று சொல்வது தலைமையில் இருப்பதற்கு அல்ல. பொதுச்செயலாளர் பணியில் இருப்பவராக இருக்கட்டும். நாம் பின் வரிசையில் அரசாணைக் கட்டோடு உட்கார்ந்து, கேட்டால் சொல்வோம்.

அப்படி என்ன வேலை இருக்கிறது என்றால், ஒன்றே ஒன்றைச் சொல்கிறேன். குடும்ப ஓய்வூதியம். கணவர் ஆசிரியர், இறந்துவிட்டார். மனைவிக்கு வங்கிக் கணக்குகூடத் தனியாக இல்லை. ஓய்வூதியப் புத்தகத்தில் அவர் பெயர் ஒரு மாதிரி, ஆதாரில் ஒரு மாதிரி, பிறந்த தேதி எங்குமே இல்லை. சார்நிலைக் கருவூலத்துக்கும் பள்ளிக்கும் மாநிலக் கணக்காயர் அலுவலகத்துக்கும் நடுவில் அந்த அம்மா மாதக்கணக்கில் அலைவார். சாதாரணமாக அவருக்குச் சேர வேண்டியது கடைசி ஊதியத்தில் 30 சதவீதம். குடும்பப் பாதுகாப்பு நிதியிலிருந்து ரூ.50,000 உண்டு என்பதுகூடப் பலருக்குத் தெரியாது. மணமாகாத மகளுக்கோ, கணவரை இழந்து அல்லது மணமுறிவு பெற்று வீட்டுக்குத் திரும்பிய மகளுக்கோ நிபந்தனைகளோடு குடும்ப ஓய்வூதியம் உண்டு என்பதும் தெரியாது. மாற்றுத்திறனாளிப் பிள்ளை இருந்தால் அந்தப் பெயரைப் பெற்றோர் உயிரோடு இருக்கும்போதே பதிந்துவிட்டால் பின்னால் பாதி அலைச்சல் மிச்சம். ஒரு வட்டாரத்தில் இதையெல்லாம் தெரிந்த ஒரு டீச்சர் இருந்தால், வாரம் ஒரு நாள் இரண்டு மணி நேரம் உட்கார்ந்தால், எத்தனை குடும்பம் தப்பும்! ஓய்வூதியரின் மனைவி ஆண்களிடம் சொல்லத் தயங்குவதை உங்களிடம் சொல்வார். இந்த வேலைக்கு ஆண் நிர்வாகிகளைவிட நீங்கள் பொருத்தம்.

ஆண்டு நேர்காணலுக்கு உயிர்வாழ் சான்று கொடுப்பதில் உதவுவதும் இப்போது ஒரு வேலையாகிவிட்டது. விரல் ரேகை பதியாத முதியவர்கள், அரசின் களஞ்சியம் என்ற கைபேசிச் செயலியைத் திறக்கத் தெரியாதவர்கள். இதைச் சாக்காக வைத்து "கருவூலத்திலிருந்து பேசுகிறோம், ஓடிபி சொல்லுங்கள்" என்று போன் செய்கிற திருடர்களும் இருக்கிறார்கள். கருவூலம் யாரிடமும் ஓடிபி கேட்காது என்பதை ஒவ்வொரு கூட்டத்திலும் சொல்லியாக வேண்டியிருக்கிறது.

எந்தச் சங்கம் என்று நான் பெயர் சொல்லமாட்டேன். உங்கள் வட்டாரத்தில் மாதக் கூட்டம் தவறாமல் நடக்கிறதா, வரவு செலவை உறுப்பினர் முன் வாசிக்கிறார்களா, ஆட்சியர் நடத்தும் ஓய்வூதியர் குறைதீர் நாளுக்கு மனுக்களோடு போகிறார்களா, பணியில் இருப்பவர்களின் போராட்டத்துக்கு வந்து நிற்கிறார்களா, இந்த நான்கைப் பாருங்கள். நான்கும் இருந்தால் சேருங்கள். பழைய ஆசிரியர் சங்கத்தில் ஓய்வு பெற்றவர்களுக்கென்று பிரிவு இருந்தால் அதையும் விடாதீர்கள்.

வெயிலைப் பற்றி மகன் கவலைப்படுவது நியாயம்தான். சர்க்கரையும் ரத்த அழுத்தமும் உள்ளவர்களை மதியம் பன்னிரண்டு மணிக்கு நிற்க வைத்து முழக்கம் போடச் சொல்வது முட்டாள்தனம். மாலை நேரத் தர்ணாவாக வையுங்கள், பந்தலும் நாற்காலியும் போடுங்கள் என்று முதல் கூட்டத்திலேயே எழுந்து சொல்லுங்கள். அந்தக் கூட்டத்துக்குப் போகும்போது உங்கள் ஓய்வூதியப் புத்தகம், கடைசி ஊதிய நிர்ணய ஆணை, பணிப்பதிவேட்டின் நகல் மூன்றையும் எடுத்துப் போங்கள். விவரம் தெரிந்த யாராவது ஒரு முறை புரட்டிப் பார்க்கட்டும். உங்கள் கம்யூட்டேஷன் பிடித்தம் எந்த மாதத்தோடு முடிகிறது என்பதையும் அன்றைக்கே கேட்டு, புத்தகத்தின் உள் அட்டையில் எழுதி வைத்துக்கொள்ளுங்கள்.